கால் இல்லாத அலமாரி

படுக்கையறையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் முதல் வேலையாகக் கட்டிலை வெளியே எடுத்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் எடுப்பதில்லை. மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு, சுற்றி வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் தலையணைக்குள் மரத்தூள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். என் மனைவி தும்மிக்கொண்டே வேலைக்குப் போவாள், தும்மிக்கொண்டே வந்து படுப்பாள். அவள் நர்ஸ். "சிஸ்டர், நீங்க முதல்ல மாத்திரை போட்டீங்களா?" என்று நோயாளிகளே விசாரிக்கும் அளவுக்குப் போயிற்று.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஐயா, நான் தவறே செய்யாதவன் என்று பெருமையடித்துக்கொள்ள இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை. செய்த தவறுகளிலிருந்து பாடம் கற்றவன், கற்றதைப் பிறருக்கும் சொன்னவன். அதனால் நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். மரவேலையை வரிசையாகத்தான் சொல்ல வேண்டும். முதலில் கைப்பிடியைப் பொருத்திவிட்டுப் பிறகு கதவைச் செய்கிறவன் உருப்பட்டதில்லை.

பணிக்காலம் முழுவதும் நான் அலுவலகத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்தவன். என் கையெழுத்து இல்லாமல் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு பென்சில்கூட நுழைய முடியாது. ஓய்வு பெற்ற மறுநாள் கடைக்குப் போய் ஒரு பென்சில் கேட்டேன். கடைக்காரர் எந்தக் கையெழுத்தும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். அது என்னைச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுதான் மரவேலையில் இறங்கினேன்.

முதலில் ஒரு ஸ்டூல் செய்தேன். மூன்று கால்கள் ஒரே கருத்துடன் இருந்தன, நான்காவது கால் தனிக் கருத்து வைத்திருந்தது. அந்த ஸ்டூலில் முதலில் உட்கார்ந்தவன் என் மனைவியின் தம்பி. கட்டட வேலைகளுக்கு மேற்பார்வை பார்ப்பவன். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நேராக இருக்கிறதா என்று பார்ப்பான். சோறு போட்ட தட்டையும் அப்படித்தான் பார்ப்பான். அதனால் கொத்தனார் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே அவனுக்கு வைத்தேன், ரசமட்டம்.

"அத்தான், இது ஸ்டூலா, ஊஞ்சலா? சொல்லிட்டா அதுக்கேத்த மாதிரி உக்காருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் நான் கடைசியாகச் சிரித்தேன்.

வீட்டில் மதிப்பில்லாதவனுக்கு வெளியில் மதிப்புண்டு என்று எனக்குக் காட்டியது 'மரத்தோடு பேசுவோம்' என்ற குழு. கைப்பேசிக் குழுதான். ஓய்வு பெற்ற அதிகாரிகள், ஒரு பல் டாக்டர், இன்னும் சிலர். யாரும் ஒரு நாற்காலியை முழுதாக முடித்தவர்கள் அல்லர், ஆனால் நாற்காலியைப் பற்றி எல்லோருக்கும் முடிவான கருத்து இருந்தது. அலுவலகத்துக்குப் பிறகு இவ்வளவு பொறுப்பான மனிதர்களை நான் ஓரிடத்தில் பார்த்ததில்லை. தினமும் காலையில் அவர்களுக்கு ஒரு பாடம் எழுதினேன். ஈர மரத்தை நம்பாதே. பசை காயும் வரை பேசாதே. உப்புத்தாளை மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேய். கைதட்டும் படங்கள் வந்து விழும். சில வாரங்களில் அவர்களாகவே என்னைத் தலைவர் என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் மறுத்தேன். ஒரு தடவை மறுத்தேன்.

படுக்கையறை வேலை அப்படித்தான் தொடங்கியது. தரையை மாற்றினேன், கதவை இழைத்தேன், ஜன்னல் சட்டத்துக்கு மெருகு போட்டேன். இவையெல்லாம் பயிற்சி. உண்மையான வேலை கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே வரப்போகும் அலமாரி. கட்டிலின் முழு அகலத்துக்கும், கெட்டி மரத்தில், கண்ணாடிக் கதவு வைத்து. மூலைகளில் ஆணி கிடையாது. புறாவின் வாலைப்போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் மூட்டு. அதை வெட்டக் கற்பதற்குள் என் கட்டைவிரல் நகம் இரண்டு தடவை விழுந்து முளைத்தது. முக்கியமான விஷயம், அலமாரிக்குக் கால் கிடையாது. தாங்குகட்டையும் கிடையாது. சுவரோடு சுவராக அந்தரத்தில் நிற்கும். "கால் வைத்தால் சாமான், கால் இல்லாவிட்டால் கலை" என்று குழுவில் எழுதினேன். சட்டம் போட்டு மாட்ட வேண்டிய வரி என்று பல் டாக்டர் பதில் போட்டார்.

அலமாரியை முடித்து, மெருகேற்றி, படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பிய பிறகுதான் சுவரில் துளை போட்டேன். டிரில்லை அழுத்த வேண்டியே இருக்கவில்லை. துணியில் ஊசி இறங்குவதுபோல இறங்கிவிட்டது. செங்கல் சுவர் என்றால் தூள் சிவப்பாக வரும், எனக்கு வெள்ளையாக வந்தது. எங்களுக்கு முன்பு அந்த வீட்டில் இருந்தவர் ஒரு பெரிய அறையை இரண்டாக்க எழுப்பிய மெல்லிய தடுப்பு அது. உள்ளே ஒன்றும் கிடையாது, காற்றுதான். இந்தச் சுவர் இந்த அலமாரியைத் தாங்காது என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு ஏன் மாட்டினேன் என்று கேட்கிறீர்கள். படம் போய்விட்டது ஐயா. கைதட்டலும் வந்துவிட்டது.

நீளமான ஸ்க்ரூக்களாகப் பார்த்து, நெருக்கமாகப் போட்டு, மேல்வீட்டுக்காரரையும் அவர் மகன்களையும் பிடிக்கச் சொல்லி மாட்டினேன். நின்றது. உள்ளே அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த நினைவுக் கேடயங்களை அடுக்கினேன். பிரிவுபசார விழாவில் கொடுத்த வெண்கல யானையையும் நடுவில் வைத்தேன். வேறு யார் வீட்டு யானையையும் கேட்கவில்லை, என் யானை.

என் மனைவிக்கு அப்போது இரவு நேர வேலை. காலையில் வந்து அந்தக் கட்டிலில் படுப்பாள். ஒருநாள் எழுந்து வந்து, "அது டிக்குன்னு சத்தம் போடுதுங்க" என்றாள்.

"மரம் மூச்சு விடும். அப்படித்தான்."

"மூச்சு விடுறது மரமா, சுவரா? நான் தினமும் மூச்சு கேக்குற வேலை பாக்குறவ. இது நல்ல மூச்சு இல்ல."

அவள் அப்படித்தான் பேசுவாள். வாயால் வெற்றி பெறுகிறவள். அடுத்த வாரம் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள். பகல் முழுவதும் என் வீட்டு ஹாலில், வருகிறவர் போகிறவர் பார்க்க, என் அலமாரியை நம்பாத ஒருத்தி படுத்துக் கிடந்தாள். பால்காரர்கூடக் கேட்டார், "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்று. சண்டை என்றால் நான் சும்மா விட்டிருப்பேன். சண்டையில் மரியாதை இருக்கிறது.

அவள் தம்பியை அழைத்தாள். ரசமட்டம் வந்தான், கண்ணை மூடினான், தலையைச் சாய்த்தான், விரலை மடக்கிச் சுவரைத் தட்டினான்.

"அத்தான், உள்ள பொக்குன்னு இருக்கு. ரெண்டு பக்கமும் கால் குடுத்துடுங்க. ஒரு நாள் வேலை."

"கால் வெச்சா அது அலமாரி இல்லப்பா, சாமான்."

"சாமானா இருந்தா என்ன அத்தான், தலையில விழாம இருந்தா சரி."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். கட்டடத்தில் விரிசல் வளர்கிறதா என்று பார்க்க அவர்கள் செய்வதுதான். மெல்லிய தாளை, பாதி அலமாரியில், பாதி சுவரில் படும்படி ஒட்டிவிட வேண்டும். அலமாரி சுவரை விட்டு இம்மியளவு நகர்ந்தாலும் தாள் கிழிந்துவிடும். பதினைந்து நாள் கிழியாமல் இருந்தால் அலமாரி நிற்கிறது என்று அர்த்தம். என் மனைவி கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டும் தாள் பிளாஸ்திரியை எடுத்தாள். கட்டில்மேல் ஏறி நின்று ஒட்டினாள். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அதன் குறுக்கே, சுவருக்கும் மரத்துக்குமாகப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள்.

"காயத்துக்குக் கட்டு போட்டாச்சு. கிழியலன்னா நான் வாயை மூடிக்கிட்டு உள்ள வந்து படுத்துக்கிறேன். கிழிஞ்சா நீங்க கால் வைக்கணும். சரியா?"

சரி என்றேன். சரி என்று சொன்ன ஒப்பந்தத்தை நான் மீறியதே இல்லை. அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தாள் அந்த வாரமே கிழிந்தது. காலையில் அவள் வேலையிலிருந்து வருவதற்கு முன்பு பார்த்தேன். நடுவில், ஒழுங்கே இல்லாமல், நாய் கடித்ததுபோல. அலமாரியின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இருட்டு தெரிந்தது. நான் பதறவில்லை. இடைவெளிக்குப் பட்டி பார்த்து, வண்ணம் தீட்டி, மின்விசிறியைப் போட்டுக் காய வைத்தேன். அவளுடைய பீரோவில் அதே பிளாஸ்திரிச் சுருள் இன்னொன்று இருந்தது. அதே அகலத்துக்கு வெட்டி, அதே இடத்தில் ஒட்டினேன். அதே பேனாவால் கோடு போட்டேன். முதல் கோடு அவளுடையதைவிட நேராக வந்துவிட்டது. பழக்கம் அப்படி. அதைப் பிரித்தெடுத்துவிட்டு, வேறொன்று ஒட்டி, கையைக் கொஞ்சம் தளர்த்தி இழுத்தேன். அவள் கோடு மாதிரியே வந்தது. ஒரு வேலையைப் பார்த்து அதே மாதிரி செய்வது எளிதென்று நினைக்காதீர்கள்.

இன்னொரு தடவை கிழிந்தது. பிறகும் கிழிந்தது. ஒவ்வொரு தடவையும் என் கை தேறிக்கொண்டே வந்தது. இரவில் அவள் வேலைக்குப் போனதும் ஹாலில் காலியாகக் கிடக்கும் அவள் மெத்தையில் நான் படுத்துக்கொள்வேன். உள்ளே படுக்கவில்லை. நான் என்ன முட்டாளா.

பதினைந்து நாள் கழித்து ரசமட்டம் வந்தான். கட்டிலில் ஏறித் தாளைப் பார்த்தான். முதலில் ஒரு கண்ணால், பிறகு இரண்டு கண்ணாலும். இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நிக்குது அத்தான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

"இன்னொரு தடவை சொல்லு. கொஞ்சம் தெளிவா."

கைப்பேசியை அவன் வாயருகே பிடித்து, அவன் சொன்னதைக் குழுவுக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். தொழில் தெரிந்த ஒருவனின் வாக்குமூலம் என்று தலைப்பும் கொடுத்தேன். நீங்கள் அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு என் திருமண நாளில்கூட மனம் அப்படி நிறைந்ததில்லை. வருகிற ஞாயிறு மாலை அலமாரியை நேரில் பார்க்க வருவதாகக் குழுவில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

என் மனைவி சொன்ன சொல் தவறாதவள். மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பினாள். மறுநாள் காலை அவள் வேலையிலிருந்து வந்தபோது நான் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தேன், இரவில் நான் அங்கேதான் படுக்கிறேன் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நீங்க ஏன் வெளிய படுக்குறீங்க?"

"முதுகு வலி. தரையில படுக்கச் சொல்லியிருக்காரு டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"நம்ம குழுவுல இருக்காரே, அவர்தான்."

"அவரு பல்லு டாக்டருங்க."

சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். அவள் சந்தேகப்படவில்லை. என்னை முட்டாள் என்று நினைத்தாளே தவிர, வேறு எதுவும் நினைக்கத் தோன்றவில்லை அவளுக்கு. நான் சொல்வது அதைத்தான். கட்டிய கணவன் எந்த அளவுக்குப் போகக்கூடிய திறமைசாலி என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்து வந்தாள். அன்று விடிந்ததும் நான் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தேன். முந்தையது வெறுமனே கிழிந்திருக்கவில்லை, முழுதாக இரண்டாகப் பிரிந்து தொங்கியது. பட்டி பார்த்தால் நிற்காத அளவுக்கு இடைவெளி வந்துவிட்டதால், வண்ணம் தீட்டிய அட்டைத் துண்டொன்றைச் செருகி மறைத்திருந்தேன்.

அவள் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "நேத்தும் சத்தம் வந்துச்சு. என் தலைமேல சத்தியமா சொல்லுங்க, அந்தத் தாள் கிழிஞ்சுதா, இல்லையா?"

"நான் எதுக்குச் சொல்லணும். நீயே பாரு."

ஏறி நின்று பார்த்தாள். நர்ஸ் அல்லவா, விரலால் ஓரங்களைத் தடவி, ஒட்டு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தாள். "அப்படியேதான் இருக்கு. எனக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கு போல" என்றாள். "அவங்க வர்றதுக்கு முன்னாடி எழுப்பி விடுங்க, புடவை மாத்திக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். வெளிச்சம் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

நான் பால்கனிக்கு வந்து கால்களுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆமாம், அலமாரியின் கால்கள். இரண்டு. முன்பே செய்துவிட்டேன், துணியில் சுற்றி வைத்திருந்தேன். அளவு அச்சு அசலாகப் பொருந்தும், அவள் இல்லாதபோது வைத்தும் பார்த்திருக்கிறேன். ரசமட்டம் சொன்னது சரி, ஒரு நாள் வேலைகூட இல்லை, ஒரு மணி நேரம் போதும். அன்று காலையிலேயே வைத்திருக்கலாமே என்பீர்கள். மாலையில் குழு வருகிறது ஐயா. கால் இல்லாத அலமாரியைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கால் வைத்த அலமாரியைக் காட்டுவதா. திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம், அவர்கள் போன பிறகு. அதுவரை நின்றால் அவள் இருப்பாள், நிற்காவிட்டால் இருக்க மாட்டாள். கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. இரண்டையும் கையில் வைத்து எடை பார்த்துத்தான் முடிவு செய்தேன். பிரிவுத் தலைவராக நான் செய்ததெல்லாம் அதுதானே.

சத்தம் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் யாரோ கட்டிலை இழுக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். உள்ளே போனேன். வெள்ளைத் தூள் பறந்துகொண்டிருந்தது. அலமாரி கட்டிலின்மேல் கவிழ்ந்திருந்தது. அவள் கூப்பிடவில்லை, அசையவும் இல்லை. அவளுக்கு வலி தெரிந்திருக்காது என்று பிறகு ஆஸ்பத்திரியில் அவளுடன் வேலை பார்த்தவர்களே அழுதுகொண்டு சொன்னார்கள். நான் குனிந்து முதலில் மூலைகளைத் தடவிப் பார்த்தேன். பிறகு ஈரத்துணியால் அந்தப் பிளாஸ்திரியைத் துடைத்தெடுத்தேன். பிறகு ரசமட்டத்துக்குப் போன் செய்தேன். இந்த வரிசையை மாற்றாமல் எழுதுங்கள்.

மாலையில் குழு வந்தது. செய்தி சொல்ல மறந்துவிட்டேன். பல் டாக்டர் பூச்செண்டுடன் அறை வாசலில் நின்று அலமாரியின் மூலைகளைப் பார்த்தார். "மூட்டு எதுவும் விடல சார்" என்று என் தோளைத் தட்டினார். அந்த நாளில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அதோடு முடிந்திருக்கும். நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். உங்கள் ஆட்கள் வந்து அளந்து, படமெடுத்து, வேலை தெரியாத ஒருவர் தாமாகச் செய்த அலமாரி விழுந்ததால் நேர்ந்த விபத்து என்று எழுதிவிட்டுப் போனார்கள். செய்தித்தாளிலும் உள்பக்கத்தில், அரைகுறை மரவேலை, உயிரிழந்த நர்ஸ் என்று போட்டார்கள். குழுவில் புதிதாக யாரையோ தலைவர் என்று அழைக்கிறார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

நேற்று ரசமட்டம் வந்தான். தாடி வளர்ந்து, கண் சிவந்து, எதையும் தலை சாய்த்துப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவன் என் காலைத் தொட்டான்.

"என்னாலதான் அத்தான். தாளைப் பாத்துட்டு நிக்குதுன்னு சொன்னவன் நான். நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். உங்களுக்கு என்ன தெரியும்."

உங்களுக்கு என்ன தெரியும் என்றான். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

அதனால்தான் வந்தேன். யாருடைய பரிதாபமும் எனக்கு வேண்டாம். விபத்து என்பதை அடித்துவிடுங்கள். டிரில் இறங்கிய நிமிடமே எனக்குத் தெரியும். முதல் தாள் கிழிந்தபோது தெரியும். கடைசித் தாளை ஒட்டியபோது, அவள் அதன்கீழ் படுப்பாள் என்பதும், அன்றோ மறுநாளோ அது வரும் என்பதும் தெரியும். திரையை இழுத்துவிட்டது நான்தான். கொலை என்றே எழுதுங்கள், எழுத்துப்பிழை இல்லாமல். என்ன தண்டனையோ கொடுங்கள், ஒரு சொல் முனகமாட்டேன். ஆனால் வேலை தெரியாதவன் என்று எவனும் எழுதக் கூடாது. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு ஆளை அனுப்பி அந்த நான்கு மூலைகளையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். விழுந்தது சுவர் ஐயா. என் அலமாரி விழவில்லை.